காயத்தைக் காட்டுவான், கையைக் காட்ட மாட்டான்

1

தமிழ் சினிமாவில் எரிந்துபோன முகத்துக்கு ரெண்டே ரெண்டு வேலைதான் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று பேய். இன்னொன்று வில்லன். எப்பவாவது மூணாவதாக ஒரு வேலை கிடைக்கும்: கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக அஞ்சு நிமிஷம் வாழையிலையில் கிடந்துவிட்டுச் செத்துப்போகிற வேலை. எரிஞ்ச முகத்தோட காலையில எந்திரிச்சு, பல் விளக்கி, தூக்குவாளியில கஞ்சி எடுத்துக்கிட்டு வேலைக்குப் போய், கூலி பத்தலைன்னு சண்டை போடுற ஒரு மனுசியைத் திரையில் பார்ப்பது அபூர்வம். 2012-இல் வந்த 'வழக்கு எண் 18/9' மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அதில் ஆசிட்டில் வெந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு முகமும் இருக்கிறது, தானாக முடிவெடுக்கிற புத்தியும் இருக்கிறது. விதிவிலக்கை வைத்து விதியை மன்னித்துவிட முடியாது.

நான் ஒப்பனைக்காரன். புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல். அன்னவாசல் என்றால் ஊருக்குள்ளே இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற எங்க தெரு. கோயில் திருவிழாவுக்கு ஊர் இளவட்டங்கள் நாடகம் போடும்போது டோப்பா முடி, அட்டைக் கிரீடம், முத்துவெள்ளை, செந்தூரம் எல்லாத்தையும் தகரப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருவாரே மேக்கப்காரர், அப்படி ஒரு பெரியவரிடம் பெட்டி தூக்கித்தான் தொழில் படித்தேன். பிறகு சென்னை. சினிமாவில் உதவி மேக்கப்மேன். தீக்காயம், வெட்டுக்காயம், அழுகல், புண் இதெல்லாம் என் பங்குக்கு வந்து சேர்ந்த வேலைகள். அது எப்படி என் பங்குக்கு மட்டும் வந்து சேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சினிமா காயத்தைக் காட்டும். காயம் பண்ணின கையைக் காட்டாது. இந்த நாட்டுப் போலீசும் கோர்ட்டும்கூட அநேகமாக அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரே பெட்டியிலிருந்துதான் சாயம் எடுக்கிறார்கள்.

2

தீக்காயம் போடுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ரப்பர் மரத்துப் பால்தான் அடிப்படை. கன்னியாகுமரிப் பக்கம் மரத்தைக் கீறி வடிக்கிறார்களே, அதே பாலை உறையாமல் இருக்க அமோனியா சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் லேடெக்ஸ். தோலில் ஒரு பூச்சு, அதன்மேல் ஒற்றைத் தாளாகப் பிரித்த டிஷ்யூ காகிதம், அதன்மேல் இன்னொரு பூச்சு. டிரையரில் காயவைத்து நடுவில் கிழித்துவிட்டால் உரிந்த தோல் தயார். பள்ளத்தில் சிவப்பு, அதற்குள்ளே கருஞ்சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். நீர் கோத்த கொப்புளம் வேண்டுமென்றால் ஜெலட்டினையும் கிளிசரினையும் வெந்நீர்ச் சட்டியில் வைத்து இளக்கிச் சொட்டுச் சொட்டாக வைக்கவேண்டும். கருகலுக்குக் காபித்தூள் போதும். பழைய தழும்புக்குக் கொலோடியன். அது காயும்போது தோலைச் சுருக்கி இழுத்துக்கொள்ளும். பெரிய நடிகர், பெரிய பட்ஜெட் என்றால் முகத்தை அச்செடுத்து சிலிக்கானில் வார்த்து ஒட்டுவார்கள். ஜெலட்டின் நம்ம வெயிலுக்கு வேர்வையோடு சேர்ந்து வழியும், சிலிக்கான் நிற்கும்.

ஜெலட்டின் சூடு ஆறாமல் பூசினால் நடிகருக்கு நிஜமாகவே கொப்புளம் வந்துவிடும். அதனால் முதலில் ஒப்பனைக்காரன் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல விதி. நடிகரின் தோல் நோகக் கூடாது என்பதில் செட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அக்கறை.

ஆனால் இந்தப் பெட்டியில் இருக்கிற சாயமெல்லாம் யாருடைய தோலுக்காகச் செய்தது? தீக்காயத்துக்கென்றே வட்டத் தட்டில் வரிசையாக வருகிற சிவப்பும் கருஞ்சிவப்பும் மஞ்சளும் வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து முடிவு செய்த நிறங்கள். தோல் நிறம் என்று பெயர் ஒட்டி வரும் புட்டியைத் திறந்து பாருங்கள், நம்ம சனத்தில் ஒருத்தருக்கும் அந்த நிறம் கிடையாது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வண்ணக்குச்சி செய்கிற கிரேயோலா கம்பெனி, சதை நிறம் என்று ஒரு குச்சிக்கு வைத்திருந்த பெயரை 1962-லேயே எடுத்துவிட்டு பீச் பழத்தின் பெயரை வைத்தது. யாருடைய சதை என்று கேள்வி வந்துவிடும் அல்லவா. கோடாக் கம்பெனி கலர் பிலிமைச் சரிபார்க்கப் பல வருஷம் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அவள் முகம் நன்றாக விழுந்தால் பிலிம் சரி. நம்ம முகம் இருட்டாக விழுந்தால் அது நம்ம முகத்தின் குற்றம்.

எங்க ஊருக்குப் பக்கத்தில்தான் சித்தன்னவாசல். 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். சுண்ணாம்பில் வெள்ளை, கரியில் கருப்பு, காவி மண்ணில் சிவப்பும் மஞ்சளும் எடுத்து வரைந்திருக்கிறார்கள். மனுசத் தோலுக்கு நிறம் வேணும்னா அந்தக் கலைஞனுக்குக் காலடி மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. நமக்கு மட்டும் கப்பலில் வரவேண்டியிருக்கிறது.

இது வெறும் சாயப் பிரச்சினை இல்லை. வெள்ளைத் தோலில் லேசாகச் சுட்டால் பளிச்சென்று சிவக்கும். கருத்த தோலில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது; இன்னும் கருத்த மாதிரி இருக்கும், தொட்டால்தான் கொதிப்பு தெரியும். மேல்தோல் உரிந்துவிட்டால் உள்ளே தெரிவது கருப்பு இல்லை, வெளிறிய இளஞ்சிவப்பு. இன்னும் ஆழமாக வெந்தால் மெழுகு மாதிரி வெளுக்கும், தோல்செருப்பு மாதிரி விறைக்கும். அந்த இடத்தில் நரம்பே வெந்துபோவதால் வலி தெரியாது, சுற்றியிருக்கிற ஓரம்தான் உயிரை எடுக்கும். ஆறின பிறகு நிறம் திரும்பாத வெள்ளைத் திட்டுகள், அதைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு கரை. கருத்த தோலில் தழும்பு தடித்து எழும்புவதும் அதிகம்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. எங்க சின்னாத்தா கழுத்தில் படித்தேன். நெல் அவிக்கிற கூலிக்கு ஊர்த்தெரு வீடு ஒன்றுக்குப் போனவள். அண்டா சரிந்து கொதிக்கிற தண்ணி கழுத்திலும் மாரிலும் வலது கையிலும். அந்த வீட்டில் ஒரு வாழையிலை வெட்டிக் கொடுத்தார்கள். தெருவில் பேனா மையைத் தடவினார்கள், பல்பசையைத் தடவினார்கள். ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போகமுடிந்தது. ஆறினபோது தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டது. கொலோடியன் இழுக்கிறது என்று சொன்னேனே, அதைப்போல நூறு மடங்கு. அண்ணாந்து செம்பில் தண்ணி குடிக்க அவளால் முடியாது. வானத்தைப் பார்க்கவேண்டும் என்றால் இடுப்பிலிருந்து சாயவேண்டும். அப்படியே முப்பது வருஷம் களை எடுத்தாள், கரும்பு வெட்டினாள், ரெண்டு பிள்ளையைக் கட்டிக் கொடுத்தாள். களையெடுப்புக்கு எப்படியும் குனியத்தானே வேணும், கழுத்து வசதியாப் போச்சு என்று அவளே சிரிப்பாள்.

அவள் கழுத்தை நான் அறிவேன். எங்கே தோல் பளபளக்கும், எங்கே கயிறு மாதிரி திரளும், வெயிலில் எந்த இடம் அரிக்கும் எல்லாம் தெரியும். சென்னையில் என் தொழிலுக்குப் பேர் கிடைத்தது என்றால் அது அவள் உடம்பிலிருந்து எடுத்த படிப்பு. இப்படித்தான் இந்தக் கலையே நடக்கிறது. ஒப்பனைக்காரன் எவனும் காற்றிலிருந்து காயத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு உடம்பைப் பார்த்து, போட்டோவைப் பார்த்துத்தான் செய்கிறான். அந்த உடம்புக்கு டைட்டிலில் பெயர் உண்டா? பேட்டா உண்டா? சம்மதம் கேட்டார்களா? 2020-இல் வந்த 'சபாக்' இந்திப் படத்தில், ஆசிட் வீச்சு வழக்கை நடத்திய வக்கீலுக்குப் படத்தில் பெயர் போடவில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய், பெயர் போடச் சொல்லி உத்தரவு வாங்கினார்கள். வக்கீல் போராடி வாங்கலாம். எங்க சின்னாத்தா எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

ஒரு பேய்ப் படம் டூரிங் டாக்கீசில் ஓடிய வருஷம் தெருப்பிள்ளைகள் அவளைப் பார்த்து அந்தப் பேயின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். எங்க தெருப் பிள்ளைகள்தான். பிள்ளைகள் மேல் தப்பில்லை. எரிந்த தோலைப் பார்த்தால் பயப்படவேண்டும் என்று ஐம்பது அடித் திரையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்வாள். அண்டா செய்யாத வேலையை சினிமா செய்தது.

3

முகத்தைத் தொடுகிற தொழில் இது. இதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊர் நாடகத்துக்குப் பெட்டி தூக்கிய காலத்தில் ராஜா வேஷக்காரருக்கும் மந்திரி வேஷக்காரருக்கும் நான் முகம் எழுதக்கூடாது. "தம்பி எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியதே இல்லை, எங்க பெரியவர் தானே பிரஷ்ஷை வாங்கிக்கொள்வார். ராட்சசனுக்கும் எமனுக்கும் நான் எழுதலாம். கரியும் நீலமும் என் கை, முத்துவெள்ளை பெரியவர் கை. வேஷத்துக்கும் தீட்டு இருக்குதுங்க.

சென்னையில் இப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே எல்லாம் நாகரிகம். "ஊர் எது, அப்பா என்ன பண்றார், ஊர்ல எந்தப் பக்கம்" என்று மூன்று கேள்வியில் முடித்துக்கொள்வார்கள். பிறகு வேலை தானாகப் பிரியும். கதாநாயகி முகத்துக்கு டச்சப் ஒருத்தர், புண்ணுக்கும் சீழுக்கும் நான். அழகு அவங்க கை, அழுகல் என் கை. இது திறமை பார்த்துப் பிரித்தது என்றுதான் சொல்வார்கள். ஊரில் எங்க சனம் செத்த மாட்டைத் தூக்கியதும் திறமை பார்த்துத்தான் போலிருக்கிறது! இந்தத் தொழிலில் சங்கம் எப்படிக் கதவை அடைத்து வைக்கும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் 2014-ஐப் பாருங்கள். பம்பாயில் பெண்களை மேக்கப் ஆர்ட்டிஸ்டாகச் சேர்க்கமாட்டோம், சிகையலங்காரம் மட்டும் செய்துகொள்ளட்டும் என்று வைத்திருந்த சங்க விதியை உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் உடைக்கவேண்டியிருந்தது. பெண்ணுக்கு எழுதப்பட்ட விதி இருந்தது, அதனால் உடைக்க முடிந்தது. எழுதப்படாத விதியை எந்தக் கோர்ட்டில் உடைப்பது?

ஒரு படத்தில் குடிசைகள் எரிகிற காட்சி. படத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. காய்ந்த கண்மாயில் செட்டுப் போட்டிருந்தார்கள். முக்கிய நடிகைக்குக் கன்னத்திலும் கழுத்திலும் சிலிக்கான் துண்டு. நாலு மணி நேர வேலை. அவரோடு சேர்ந்து எரிகிற சேரி சனமாக நடிக்கப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு என்ன ஒப்பனை? ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரித்தூள், தேங்காயெண்ணெய். அள்ளி அள்ளிப் பூசி வரிசையாகப் படுக்க வை என்று உத்தரவு. "குளோசப்புக்கு அவங்க வரமாட்டாங்க, மாஸா தெரிஞ்சாப் போதும்" என்றார் உதவி இயக்குநர். எனக்கு ரெண்டு மணி நேரம் கொடுங்கள், ஆளுக்கு ஒரு காயமாவது ஒழுங்காகப் போடுகிறேன் என்று கேட்டேன். வெளிச்சம் போயிடும் என்றார்கள்.

பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "ஏப்பா, எரிஞ்ச மனுசன் இம்புட்டுக் கருப்பா இருக்கமாட்டான். வெளுத்துப்போயிருவான். நான் பாத்திருக்கேன்" என்றாள். அந்தச் செட்டில் தீக்காயத்தைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கையில் கரித்தூள். தெரியாதவர்கள் கையில் மைக்.

கரித்தூள் வாளி சும்மா வந்ததல்ல. சேரி என்றாலே கருப்பு, செத்தால் இன்னும் கருப்பு. தனித்தனி முகம் தேவையில்லை, குவியலாகக் காட்டினால் போதும் என்கிற பொதுப்புத்திதான் அந்த வாளியில் இருக்கிறது. சிவப்பான நடிகைக்கு மங்கலான சாயம் பூசி நம்ம பெண்ணாக நடிக்க வைக்கிறவர்களும் இதே வாளியில்தான் கை விடுகிறார்கள். வேஷத்துக்குக் கருப்பு வேணும், கருப்பான ஆள் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தீயில் செத்த உடம்பு வரிசையாக, நேராக, கையைக் காலை நீட்டிப் படுத்துக் கிடக்காது. சூட்டில் தசை சுருங்கி முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, குத்துச்சண்டைக்காரன் நிற்கிற மாதிரி கை முன்னால் தூக்கி நிற்கும். பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர்கள் இதற்குக் குத்துச்சண்டை நிலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வீரம் ஒன்றும் இல்லை, வெந்த தசையின் வேலை. ஆனாலும் நம்மை எரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகப் படுத்திருக்கச் சொல்கிறது சினிமா.

4

இப்போது கைக்கு வருகிறேன்.

1968 டிசம்பர் 25. அன்றைய கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் தெருவைத் தாக்கினார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கியவர்களை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் மிராசுதார்களுக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. சொன்ன காரணம் என்ன? பெரிய நிலச்சொந்தக்காரர்கள், கார் வைத்திருக்கிற கௌரவஸ்தர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்கிற தர்க்கம். காயம் 44 பேர் உடம்பில் இருந்தது, மறுக்கமுடியவில்லை. கை மட்டும் காணாமல் போய்விட்டது.

2012 நவம்பர் 7, தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எரிந்த சாம்பலைப் பத்திரிகைகள் படம் எடுத்துப் போட்டன. தலித் மக்களின் வீட்டைத் தீயால் அழித்தால் ஆயுள் தண்டனை என்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே தனிப் பிரிவாக எழுதி வைத்திருக்கிறது. தீ என்பது இந்த நாட்டில் விபத்து மட்டுமில்லை, அது சாதியின் ஆயுதம் என்று சட்டத்துக்கே தெரியும். சினிமாவுக்கு மட்டும் தெரியாதா?

2022 டிசம்பர் 26. வெண்மணி நாளுக்கு மறுநாள். எங்க அன்னவாசல் ஒன்றியத்தில் வேங்கைவயல். பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம். பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மறுநாள் கலெக்டர் வந்தபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும் அகப்பட்டது, கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. சோதனைக்கு, அந்தத் தண்ணியைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றவாளிகள் என்று அதில் எழுதியிருந்த மூன்று பேரும் பாதிக்கப்பட்ட அதே தெருக்காரர்கள். அங்கே தீ இல்லை, காயம் இல்லை என்று சொல்வீர்கள். காயத்தைக் காட்டிக் கையை மறைக்கிற வேலை அதேதான். வெண்மணியில் கையைக் காணோம் என்றார்கள். வேங்கைவயலில் காயம் பட்டவன் கையையே தூக்கிக் காட்டுகிறார்கள். தொழில் நல்லா முன்னேறியிருக்கிறது.

இந்தப் பொதுப்புத்தியைக் கட்டமைப்பதில் எங்கள் ஒப்பனைப் பெட்டிக்குப் பங்கு இருக்கிறது. 2005-இல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடே பார்த்த படம். கதையில் என்ன நடக்கிறது? ஒரு ராஜா, ஒரு நடனக்காரியைத் தூக்கிக்கொண்டு வந்து அடைத்து வைக்கிறான். அவள் காதலனின் தலையை வெட்டுகிறான். அவளை உயிரோடு கொளுத்துகிறான். நியாயமாகப் பார்த்தால் யாரைக் கண்டு பயப்படணும்? படம் நம்மைப் பயப்படச் சொல்வது எரிந்த பெண்ணைக் கண்டு. எரித்த ராஜாவாக வருவது கதாநாயகனே. தியேட்டரில் விசில் யாருக்கு விழுந்தது? ஊர் ஊராகப் பிள்ளைகள் யார் மாதிரி சிரித்துக் காட்டினார்கள்? வேட்டையன் மாதிரி. எரித்தவன் ஸ்டைல், எரிந்தவள் பேய். எரிந்தவளுக்குக் கண் மையை இழுத்துவிட்டோம், முடியை விரித்துவிட்டோம். எரித்தவனுக்கு மேக்கப் அளந்து அழகாகப் போட்டோம்.

இது தமிழ் வியாதி மட்டுமில்லை. 1984-இல் ஹாலிவுட்டில் ஃபிரெடி குரூகர் என்கிற கொலைகாரனைச் செய்தார்கள். அவன் முகத்துக்கு ஒப்பனைக்காரர் பார்த்தது நிஜமான தீக்காயக்காரர்களின் படங்களை. யாரோ ஒருத்தர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பட்ட பாடு, உலகம் முழுக்கப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற முகமூடியாகக் கடையில் தொங்கியது. ஆனால் அங்கே எதிர்ப்பும் வந்தது. முகத் தழும்பு உள்ளவர்கள் சேர்ந்து, நான் உன் வில்லன் இல்லை என்று இயக்கம் நடத்தினார்கள். 2018-இல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட், வில்லன் என்பதற்கு அடையாளமாக முகத் தழும்பைக் காட்டும் படங்களுக்கு இனிப் பணம் கொடுக்கமாட்டோம் என்று அறிவித்தது. இங்கே அந்த மாதிரி ஒரு வார்த்தை எந்தச் சங்கத்திலிருந்தாவது வந்ததா?

5

நம்ம தோழர்களே சிலர் சண்டைக்கு வருவார்கள். "இப்பதான் நம்ம கதை திரைக்கு வருது. 1983-லேயே 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வெண்மணியைத் தொட்டது. 2019-இல் 'அசுரன்' குடிசை எரிவதையும் பஞ்சமி நிலத்தையும் காட்டியது. அதையும் குறை சொல்லணுமா?" என்பார்கள். குறை சொல்லவில்லை. அந்தப் படங்களை மதிக்கிறேன், காரணத்தோடு மதிக்கிறேன்: தீ எங்கிருந்து வந்தது, யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த நிலத்துக்காக வந்தது என்று காட்டின. கையைக் காட்டினால் அதே காயம் அரசியலாகிறது. கையை மறைத்தால் அதே காயம் வேடிக்கையாகிறது. நான் கேட்கிறது அந்த வழியில் இன்னும் நாலு அடி.

இன்னும் சிலர், "கலைஞனுக்கு எல்லை போடாதே, பேய்ப் படம் பேய்ப் படம்தான்" என்பார்கள். எல்லை ஏற்கனவே போட்டாச்சு ஐயா. எங்க சின்னாத்தா மாதிரி ஒருத்தியைக் காதலியாக, டீச்சராக, வக்கீலாக, வாயாடியாகத் திரையில் நடக்கவிடாமல் எல்லை போட்டது யார்? நாங்களா? அந்த வேலியை எடுக்கச் சொன்னால் சுதந்திரம் போச்சு என்று கூவுவது ஊர்க்குளத்தைப் பொதுவாக்கச் சொன்னபோது கூவிய அதே குரல்.

ஆகவே என் தொழிலுக்காரர்களிடமும், படம் எடுக்கக் கிளம்புகிற மாணவர்களிடமும் சில விஷயங்களைக் கேட்கிறேன். கோரிக்கை என்று நினைத்தாலும் சரி, சண்டை என்று நினைத்தாலும் சரி.

எரிந்த ஒருத்தர் வேஷம் என்றால் முதலில் எரிந்து பிழைத்த ஒருத்தரை நடிக்கக் கூப்பிடு. 'சபாக்' படத்தில் ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்களே சில பாத்திரங்களில் நடித்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. நடிகருக்குத்தான் வேஷம் என்றால், எந்த உடம்பைப் பார்த்துக் காயம் எழுதுகிறாயோ அந்த ஆளிடம் சம்மதம் கேள், கூலி கொடு, அவர் விரும்பினால் டைட்டிலில் பெயர் போடு. ஒப்பனை நிபுணர் என்ற வரிசையிலேயே போடு. அந்த அறிவு அவருடையது.

கருத்த தோலுக்குக் காயம் எழுதக் கற்றுக்கொள். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் வெள்ளைத் தோல் படத்தை மட்டும் சுவரில் மாட்டாதீர்கள். பட்ட அன்றைக்கு எப்படி, மூன்றாம் மாசம் எப்படி, பத்தாம் வருஷம் எப்படி என்று நம்ம தோலில் காட்டுங்கள். ஆறின தழும்பை எழுதத் தெரியாததால்தான் எரிந்தவர்களை உடனே சாகடித்துவிடுகிறீர்கள்.

துணை நடிகர்களுக்கு வாளி வேண்டாம். முப்பது பேர் எரிந்து கிடக்கிற காட்சி என்றால் முப்பது முகம் இருக்கிறது. நேரம் இல்லையென்றால் கூட்டத்தைக் குறை. வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்களையும் தனித்தனியாகப் பொறித்துத்தான் வைத்திருக்கிறார்கள், மொத்தமாக ஒரு எண் போட்டுவிட்டுப் போகவில்லை.

வருஷா வருஷம் டிசம்பர் 25-க்கு வீதி நாடகம் போடுகிற தோழர்களுக்கும் ஒன்று. கையில் காசில்லை, சிலிக்கான் வாங்கமுடியாது, தெரியும். வேண்டியதும் இல்லை. எரிகிறவர்களுக்கு மேக்கப்பே போடாமல் விடுங்கள். அவரவர் முகத்தோடு நிற்கட்டும், பார்க்கிற சனத்துக்குத் தன் முகம் தெரியட்டும். இருக்கிற கொஞ்சம் சாயத்தையும் நேரத்தையும் தீப்பந்தம் பிடிக்கிறவனுக்குச் செலவு பண்ணுங்கள். அவனுக்குக் கண்ணைச் சிவப்பாக்கி, மீசையை முறுக்கி, கோரைப்பல் வைத்து ராட்சசன் ஆக்கிவிடாதீர்கள். நல்லா சவரம் பண்ணி, பவுடர் போட்டு, தலையைப் படிய வாரி, சலவை வேட்டி கட்டி அனுப்புங்கள். இந்த மனுசனா தீ வைப்பான் என்று சனம் ஒரு நிமிஷம் யோசிக்கணும். 1973-இல் கோர்ட் நம்பிய முகம் அதுதான்.